பழுதான கருவிக்குப் பேரீச்சம்பழம்தானா?

ஆண்டுக்கு ஒரு முறை ஆயுத பூஜை வருகிறது. அன்று சுத்தியலும் ரம்பமும் திருப்புளியும் பலகையில் வரிசையாக அமர்ந்து சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொள்கின்றன. இப்போது பல வீடுகளில் அந்த வரிசையில் ஒரு புது விருந்தாளியும் சேர்ந்திருக்கிறது. சுவரில் துளை போடும் டிரில்லிங் மெஷின்தான் அது. பொரியும் கடலையும் படைத்துக் கும்பிடப்படும் அந்த யந்திரம், அடுத்த மாதமே முனகிக்கொண்டு நின்றுவிட்டால் என்ன கதியை அடைகிறது? முதலில் பரணுக்குப் போகிறது. பிறகு ஒரு நாள் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் அதற்குப் பேரீச்சம்பழமாவது கிடைத்தது!

கும்பிடுவதில் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக் கவனிப்பதில் காட்டினால் இந்த யந்திரங்களில் பல பரண் ஏற வேண்டியதே இல்லை.

இது ஒன்றும் தேவரகசியம் அல்ல. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்து ஃபைன் கம்பெனியார் கையில் பிடிக்கும் மின்சாரத் துளைக் கருவியை 1895-ல் செய்தார்கள். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியார் 1917-ல் காப்புரிமை பெற்றார்கள். வயர் வைத்த சாதாரணக் கருவியின் அடிப்படை அமைப்பு இன்றும் ஏறக்குறைய அதுவேதான். நூறு ஆண்டுப் பழக்கமான பொருளைக் கண்டு அஞ்சுவானேன்?

தேயவே பிறந்தது

யந்திரத்தின் வயிற்றில் ஒரு மோட்டார் இருக்கிறது. அதில் சுழலும் பாகத்துக்கு ஆர்மேச்சர் என்று பெயர். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் பதித்த உருளை உண்டு. சுழன்றுகொண்டே இருக்கும் அந்த உருளைக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை இரண்டு சின்னஞ்சிறு கரித்துண்டுகள். கடைக்காரர்கள் கார்பன் பிரஷ் என்பார்கள். ஆளுக்கொரு பக்கமாக நின்று, பின்னாலுள்ள ஸ்பிரிங்கின் பலத்தில் உருளையை உரசியபடியே இவை வேலை செய்கின்றன. சந்தனக்கட்டையைப் போலத் தாம் தேய்ந்து செம்பைக் காப்பாற்றுகின்றன. தேய்வது இவற்றின் குற்றமல்ல. தேய்வதற்காகவே இவற்றை வைத்திருக்கிறார்கள்.

கரி மிகவும் தேய்ந்துவிட்டால் உருளையை எட்டாது. அப்போது யந்திரம் விட்டு விட்டு ஓடும். ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். காற்றுத் துவாரத்தின் வழியே பொறி பறக்கும். கடைசியில் நின்றே போகும். யந்திரம் செத்துவிட்டது என்று வீட்டார் தீர்ப்பு எழுதுவது இந்தக் கட்டத்தில்தான். அதே அளவுள்ள புதுக் கரித்துண்டுகளை இரண்டாகவே வாங்கி மாற்றி, சில நிமிஷம் சுமையின்றி ஓடவிட்டால், செத்தது எழுந்து உட்காரும்.

எங்கே பார்ப்பது?

அடியோடு சத்தமே இல்லையென்றால் யந்திரத்தைத் திறக்க அவசரம் வேண்டாம். சுவரிலுள்ள பிளக்குத் துளையில் மின்சாரம் வருகிறதா என்பதை ஒரு மேஜை விளக்கைச் செருகிப் பார்க்கலாம். அடுத்தது வயர். பிடிக்குள் அது நுழையும் இடத்தில்தான் முறுக்கு அதிகம். உள்ளிருக்கும் கம்பி அங்கேதான் அறுந்துபோகும். அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றுவது சிக்கனமல்ல, அபாயம். வயரையே மாற்றிவிடுவதுதான் முறை.

சிமெண்டுத் தூளும் ஒரு பெரிய சத்துரு. காற்றுத் துவாரம் அடைபட்டால் மோட்டார் சூடேறும். சுவிட்சுக்குள் தூள் புகுந்தால் விரல் சொல்வதை யந்திரம் கேட்காது. வேலை முடிந்ததும் ஒரு பழைய பிரஷ்ஷால் துடைத்துவைக்க ஐந்து நிமிஷம் போதும்.

எல்லை எது?

ஆனால், ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்துக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொண்டே யந்திரத்தைத் தொட வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்சை மாற்றி இணைத்திருந்தால், அணைத்த பிறகும் மின்சாரம் உள்ளே காத்துக்கொண்டிருக்கும்.

விரலை எடுத்தாலும் ஓடச் செய்யும் பூட்டுப் பொத்தான் பல யந்திரங்களில் உண்டு. பாதி வேலையில் கரண்ட் போய்விட, பொத்தானை விடுவிக்காமல் யந்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கரண்ட் வந்ததும் அது தானே சுழலத் தொடங்கும். பக்கத்தில் குழந்தை இருந்தால் என்ன ஆகும்?

சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள யந்திரம்; அதற்கு எர்த் வயர் இராது. திறக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியையும் பழைய பள்ளத்திலேயே படுக்கவைத்து மூட வேண்டும். கம்பி நசுங்கினால் அந்தக் காப்பு போயிற்று. கருகிய வாடையோ, உருளையைச் சுற்றி நெருப்பு வளையமோ கண்டால் அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. காயில் கட்டுகிற கடைக்குத்தான் போக வேண்டும். பாட்டரி யந்திரத்தின் லித்தியம் பாட்டரியை வீட்டில் பிரிக்கவே கூடாது, தீப்பற்றும்.

எல்லோரும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் கடைக்காரர் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். அவர் வயிற்றில் அடிப்பவர் கரித்துண்டை மாற்றுகிறவர் அல்ல. யந்திரத்தையே தூக்கி எறிகிறவர்தான். பழுது பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளும் வீட்டிலிருந்துதான், பெரிய பழுது வரும்போது யந்திரம் கடைக்கு வரும்.

ஈமக்கடனுக்குச் சட்டம்

குற்றம் முழுவதும் வீட்டாருடையதும் அல்ல. ஒரு மாடலின் கரித்துண்டு இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. சில யந்திரங்களில் வெளியே ஒரு மூடியைத் திருகினாலே கரித்துண்டு கைக்கு வரும். வேறு சிலவற்றில் உடலையே பிளக்க வேண்டும். கேட்டால் சர்வீஸ் நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கேயோ சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்!

2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் துளையிடும் கருவியும் இடம்பெற்றிருக்கிறது. அது குப்பையான பிறகு மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர் பொறுப்பு. நல்லதுதான். ஆனால், பழுது பார்க்கும் உரிமையை ஆராய மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்டவை விவசாயக் கருவிகள், செல்போன் வகைகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள். கைக்கருவிகளுக்கென்று தனிப் பிரிவு இல்லை. ஈமக்கடனுக்கு விதி செய்தவர்கள் வைத்தியத்துக்கும் விதி செய்ய வேண்டாமா? ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஜோடி உபரிக் கரித்துண்டும், பாகங்களின் படமும், அவற்றின் எண்ணும் இருந்தாக வேண்டும் என்று கட்டளையிடுவது அரசாங்கத்துக்குப் பெரிய காரியமல்ல.

பள்ளிக்கூடங்களுக்கும் இதில் பங்குண்டு. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டிப் பார்த்துக் கற்றவர். டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து 1937-ல் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார். பிரித்துப் பார்க்கும் ஆசை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மோட்டாரின் படத்தைப் போட்டு மார்க்கு வாங்கும் மாணவனும் மாணவியும் ஒரு முறையேனும் அதன் கரித்துண்டைத் தம் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளைகள் வளரும் வீட்டில், நின்றுபோன யந்திரம் உடனே பரணுக்குப் போகாது. முதலில் திருப்புளியைத் தேடுவார்கள்.