மணி அடிக்கிறது, எடுப்பவர் யார்?

நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்க, லிஃப்டில் மாட்டியிருக்கும் டெலிபோனைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதா என்று சிலர் கேட்கக் கூடும். கேட்கட்டும்! பகலில் லிஃப்டில் எல்லோரும்தான் ஏறுகிறார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் ஏறுகிறவர் யார்? தரை துடைக்கப் போகிறவர், மூட்டை சுமக்கிறவர், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறவர், காவல் காக்கிறவர். நடுவழியில் லிஃப்ட் நின்றுவிட்டால் அவர்களுக்கு இருக்கும் ஒரே துணை அந்தப் பொத்தான்தான். ஆகவே இது சின்ன விஷயம் அல்ல.

நியூயார்க் நகரம், பிராங்ஸ் பகுதி, 2005 ஏப்ரல் மாதம். சீனாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளி, உணவு விடுதியிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனார். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அவரை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று அஞ்சிப் போலீசார் எங்கெங்கோ தேடினார்கள். அவரோ மூன்று நாட்களுக்கு மேல், சோறில்லை தண்ணீரில்லை, அந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே கிடந்தார்! அபாய மணியை அழுத்தி அழுத்திப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது.

ஏழை, அன்னியன், மொழி தெரியாதவன். ஆகவேதான் இந்தக் கதி என்று நினைத்துவிட வேண்டாம். அதே நகரில் 1999 அக்டோபரில், பெரிய கம்பெனிகள் குடியிருக்கும் ஒரு வானளாவிய கட்டடத்தில், பத்திரிகை அலுவலகத்து ஊழியர் ஒருவர் 41 மணி நேரம் சிக்கிக் கிடந்தார். வெள்ளிக்கிழமை இரவு ஏறியவர் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வந்தார். லிஃப்டுக்குள் காமிரா இருந்தது. அது அவரைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தது. காவலர்களும் முறை மாற்றி வேலைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்தவர்தான் இல்லை!

இந்த இரண்டு சம்பவங்களும் நமக்குச் சொல்வது என்ன? கருவி இல்லாமல் அவர்கள் தவிக்கவில்லை. கருவியின் மறுமுனையில் ஆள் இல்லாமல் தவித்தார்கள். டெலிபோன் என்பது சுவரில் பதித்த பெட்டி அல்ல. மறுமுனையில் எடுத்துப் பேசுகிற மனிதன்தான் டெலிபோன்.

சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரியாததல்ல. லிஃப்ட் பாதுகாப்புக்கென அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1921 முதல் விதித் தொகுப்பு வெளியிட்டு வருகிறது. இன்று அதில் உள்ளதைப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் கட்டடத்தில் உள்ள பொறுப்பாளர் 45 விநாடிக்குள் எடுக்க வேண்டும். இல்லையேல் அழைப்பு தானாகவே வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். கம்பி உயிரோடு இருக்கிறதா என்று நாள்தோறும் கருவியே சோதிக்க வேண்டும். அறுந்திருந்தால் வெளியே விளக்கும் ஒலியும் காட்டிக்கொடுக்க வேண்டும். மின்சாரம் போனாலும் 4 மணி நேரம் தாங்க வேண்டும். காது கேளாதவரும் பேச முடியாதவரும் உதவி கேட்கும்படி எழுத்தும் படமும் வேண்டும் என்று 2019 பதிப்பு சேர்த்தது.

நல்ல விதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் நகரமும் ஏற்றுக்கொண்டால்தான் அவை சட்டமாகும். ஏற்றுக்கொண்ட இடத்திலும் புது விதி பெரும்பாலும் புது லிஃப்டுக்குத்தான். பழைய கட்டடத்தில் குடியிருப்பவன் யார்? பணக்காரனா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் நம் முன்னோர். ஏழையின் வீட்டுக்கு விதி வந்து சேர்வதற்குள் அவன் எத்தனை முறை லிஃப்டில் ஏறி இறங்க வேண்டும்!

இதற்கிடையில் இன்னொரு மாற்றம் ஓசைப்படாமல் நடக்கிறது. பழைய செம்புக் கம்பி டெலிபோனுக்கு ஒரு பெருமை உண்டு: அதற்கு வேண்டிய மின்சாரம் டெலிபோன் நிலையத்திலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வரும். கட்டடம் இருண்டாலும் டெலிபோன் பேசும். அந்தக் கம்பிக்குத்தான் இப்போது விடை கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய பெருங் கம்பெனிகள் இந்தக் கம்பியைக் கட்டுப்பாடான விலையில் போட்டிக் கம்பெனிகளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற கடமையை 2019-ல் மத்திய ஆணையம் தளர்த்தியது. கொடுத்த தவணையும் 2022 ஆகஸ்டில் தீர்ந்தது. வாடகை ஏறிற்று. பிரிட்டனிலோ பழைய டெலிபோன் முறையை அடியோடு மூடுவதற்கு முதலில் 2025 டிசம்பர் என்று நாள் குறித்தார்கள். பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள்.

புதுமை வரட்டும், நாம் எதிரியல்ல. ஆனால் இணையம் வழியாகவோ அலைவழியாகவோ பேசும் புதுக் கருவிக்குக் கட்டடத்தின் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பாட்டரி வேண்டும். பாட்டரிக்கு ஆயுள் உண்டு. அதை மாற்றப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். மின்சாரம் நிற்கும்போதுதானே லிஃப்டும் நிற்கிறது! அந்த நேரத்தில் டெலிபோனும் செத்துவிட்டால் பிறகு அது எதற்கு?

"எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறதே!" என்பார்கள். இரும்புப் பெட்டிக்குள் அலை எட்டாமல் போவதை நாம் அறியோமா? சார்ஜ் தீர்ந்தவன் என்ன செய்வான்? மயங்கி விழுகிறவன் எண்ணைத் தேடி அழுத்துவானா? எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட் என்று சொல்ல அவனுக்கு நினைவிருக்குமா? ஒழுங்காக அமைத்த லிஃப்ட் டெலிபோன், அவன் பேச முடியாவிட்டாலும் இடத்தைச் சொல்லும். "செலவாகுமே!" என்பார்கள். வாசலில் சலவைக்கல் பதிக்கும்போது இந்தக் கணக்கு எங்கே போயிற்று?

ஆகவே நாம் சொல்வது இது. டெலிபோன் வைத்திருக்கிறோம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதாது. எடுத்துப் பேச ஆள் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். இரவு 2 மணிக்கும் காட்ட வேண்டும். அங்கு வேலை செய்கிறவன் பேசும் மொழியில் பேச வேண்டும். கம்பியை மாற்றுகிற கம்பெனி, மாற்றும் முன்பே லிஃப்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

லிஃப்ட் உள்ள இடத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கே நிர்வாகியிடம் போய் நான்கு கேள்வி கேளுங்கள்: இந்தப் பொத்தானை அழுத்தினால் மணி எங்கே அடிக்கும்? இரவில் யார் எடுப்பார்? மின்சாரம் போனால் எத்தனை நேரம் தாங்கும்? கடைசியாகச் சோதித்த நாள் எது? பதில் சொல்லத் தெரியாமல் அவர் விழித்தால், உங்கள் முன்னாலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சிக்கிக்கொண்ட பிறகு கேட்கும் கேள்வியல்ல இது. வெளியே நிற்கும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி!