பூட்டாத குறிப்பேடு

ஆராய்ச்சி தனியறையிற் பூட்டிவைக்கும் பொருளன்று என்பதே என் துணிபு. அமெரிக்காவின் கோர்னெல் சர்வகலாசாலையிற் சோளத்தின் பிறப்புரிமையியலை ஆராய்ந்த பேராசிரியர் எமேர்சன், 1929 இல், அச்சேறாத முடிவுகளையும் தொகுத்து ஏனைய ஆய்வாளருக்கு மடலாக அனுப்பினார். பிறர் முந்திக்கொள்வரே என்று எவரும் அஞ்சத்தக்க காரியம் அது. 1932 இல் அம்முயற்சி கூட்டுறவு அமைப்பாக உருப்பெற்றது, விதைகளும் கைமாறின. கண்டறிந்தவரின் இணக்கமின்றி மடற்செய்திகளை நூல்களில் எடுத்தாளலாகாது என்ற விதி நம்பிக்கையைக் காத்தது. அக்குழுவிற் பழகிய பீடில் 1958 இலும், பாபரா மக்கிளின்டொக் அம்மையார் 1983 இலும் நோபெல் பரிசு பெற்றனர். பகிர்ந்ததனால் எவர் புகழ் குன்றிற்று?

பட்டம் கிட்டும்வரை குறிப்பேட்டை ஒளித்துவைக்கும் மாணவனை நான் குறைகூறேன். ஆசிரியரே தமது குறிப்பேட்டை முதலில் திறந்துவைத்தல் வேண்டும்.