மணிக்கட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

முன்னாளில் மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர், கல்லின் பாரத்தால் அடிநிலம் சேர்ந்து, மூச்சு அடங்குமட்டும் சிப்பி பொறுக்கி மேலே வந்தனர். அவர்கள் கொண்டு சென்றது ஒரேயொரு மூச்சுக் காற்று. இன்று வடகடலிற் சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிகளுட் பலர் முதுகிலே காற்றுச் சிலிண்டருடன் இறங்குகின்றனர். ஆபத்தும் வேறு உருவங் கொண்டுவிட்டது.

ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 30 மீற்றரில் அது நான்கு மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றின் நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. விரைந்து மேலெழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிற் போலக் குமிழிகள் தோன்றும். மூட்டுவலியோடு நின்றால் நற்பேறு. முண்ணாணைத் தாக்கினாலோ கால்கள் வழங்காமலும் போகலாம்.

அப்படியாயின் கீழே எவ்வளவு நேரம் தங்கலாம்? ஹோல்டேன் என்னும் அறிஞர் ஆடுகளை அமுக்க அறையில் வைத்துச் சோதித்து, 1908 இல் முதல் அட்டவணைகளை வெளியிட்டார். உடலை ஐந்து பகுதிகளாகக் கொண்டு அவர் போட்ட கணக்கைச் சூரிச் நகரின் பியூல்மன் பதினாறு பகுதிகளாக விரித்தார். சுழியோடிகள் மணிக்கட்டில் அணியும் சிறு கணினிகள் பலவற்றுள் இன்று இயங்குவது அக்கணக்கே.

ஆனால் எல்லாக் கணக்கும் ஒரே விடை தருவதில்லை. ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில், இடையிற் றங்காமல் மேலே வரக்கூடிய நேரம் அமெரிக்கக் கடற்படையின் அட்டவணைப்படி 25 நிமிடம். 1988 இல் உல்லாசச் சுழியோடிகளுக்கென வந்த அட்டவணையில் 20. கனேடியப் பாதுகாப்புத் துறையினரின் அட்டவணையில் 15. எது சரி என்று மாணவர் கேட்பர். மூன்றும் சரியே. நோய் வாராது என்று கோடு கிழிக்க இயலாது. வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு குறைந்தாற் போதும் என்பதிலேதான் வேறுபாடு.

பியூல்மன் முறைக் கணினிகள் பலவற்றில், எல்லையின் எத்தனை வீதம்வரை செல்லலாம் என்பதை அணிபவரே குறிக்கலாம். 95 என்று வைத்தவன் ஓரத்திலே நடக்கிறான்; 75 என்று வைத்தவன் நேரத்தோடு திரும்புகிறான், நாலு சங்கைக் கைவிட்டு.

எச்சரிக்கை போலத் தோன்றுவதெல்லாம் எச்சரிக்கையுமன்று. ஏறும்போது ஆழத்திலேயே முதலிற் றரித்தல் நல்லது என்று பலர் நம்பியிருந்தனர். அமெரிக்கக் கடற்படையினர் மொத்த நேரத்தைச் சமமாக வைத்துச் சோதித்து, 2011 இல் முடிவை வெளியிட்டனர். ஆழத்திற் றரித்த 198 முழுக்குகளில் 10 இலும், மேலே தரித்த 192 இல் 3 இலும் நோய் கண்டது.

கணினிக்கு ஆழமும் நேரமும் தெரியும். அணிந்தவரின் வயது, பருமன், உடலில் நீர் வற்றிய நிலை ஆகியவற்றை அது தானாக அறியாது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதயத்திற் பிறவித் துவாரம் மூடாதிருக்கும். குமிழிகள் மூளைவரை செல்ல அது வழியாகலாம். இதனையும் அது அறியாது. அமுக்க அறையுள்ள வைத்தியசாலை எத்தனை மணி நேரப் பயணத்தில் உள்ளது என்பதும் அதன் கணக்கில் இல்லை. குடாநாட்டில் இறங்குபவர் எண்ணைக் குறிக்குமுன் இவற்றைத் தாமே கூட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் கரையிலே, வீட்டாரோடு பேசி.

விருப்பத்துக்காகச் சுழியோடுபவருக்கு இத்தெரிவு உண்டு. கூலிக்கு இறங்கும் இளைஞர் பலரிடம் கணினியே இல்லை. படகில் எத்தனை சிலிண்டர் ஏற்றப்பட்டதோ, அத்தனையும் முடியுமட்டும் இறங்குவர். முதல் முழுக்கின் நைதரசன் வெளியேறுமுன் அடுத்ததும் சேரும். கடலட்டை விலையைக் கணக்கிடும் படகுச் சொந்தக்காரர், ஆளுக்கொரு கணினியின் விலையையும், முழுக்குகளுக்கிடையே ஆறியிருக்கும் நேரத்தையும் அதே கொப்பியில் எழுதிக்கொள்ளலாம்.