மறதி என்றாலே மூளை நோயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. ஆறு மாதமாக மறதி அதிகம். அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுகிறார். எந்நேரமும் சோர்வு. குளிர்கிறது என்று காற்றாடியை நிறுத்தச் சொல்கிறார். எடையும் கொழுப்பும் கூடிவிட்டன. முதுமை மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது டாக்டர்.
- வாசகி, கிள்ளான்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் சேர்ந்து வரும்போது எனக்கு முதலில் தோன்றுவது தைராய்டு குறைபாடு. கழுத்தின் முன்புறம் இருக்கும் அந்தச் சிறிய சுரப்பிதான் உடலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதன் ஹார்மோன் குறைந்தால் யோசனையும் நினைவும் மந்தமாகும். இதயத் துடிப்பு குறையும். கெட்ட கொழுப்பு இரத்தத்திலிருந்து சரியாக வெளியேறாமல் தேங்கும். மூளைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று இரண்டு நோய்கள் இருப்பதுபோல் தெரியும். காரணம் ஒன்றாக இருக்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் சொந்த அம்மாவிடமே இதை நான் தவறவிட்டேன். முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், உடம்பு முடியவில்லை என்று அவர் சொன்னபோதெல்லாம், "வயசாகுது இல்லம்மா" என்றேன். பேத்தியின் பெயர் சட்டென்று வராமல் அவர் திணறிய அன்றுதான் இரத்தம் எடுத்தேன். மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் பழைய அம்மா திரும்பி வந்தார்.

ஆகவே, அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று டிஎஸ்எச், டி4 பரிசோதனை கேளுங்கள். கூடவே வைட்டமின் பி12, சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவுகளையும் பார்க்க வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்கும், நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது உண்டு. அதுவும் மறதி தரும். மனச்சோர்வும் மறதிபோல் வேடமிடும்.

தைராய்டு குறைபாடு உறுதியானால், லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். தே தாரிக்கும் பசியாறலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் பரிசோதிப்பார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று அளவை நீங்களே கூட்டாதீர்கள். மிகுதியானால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

தைராய்டு சரியாக இருந்தாலோ, சிகிச்சைக்குப் பிறகும் மறதி தொடர்ந்தாலோ, நினைவாற்றல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்போதும் செய்வதற்கு நிறைய உண்டு. மறதி நோய்களில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ வாய்ப்பிருக்கிறது என்று 2024-இல் லான்செட் ஆய்வுக்குழு கணித்தது. அது பட்டியலிட்ட 14 காரணங்களில் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, காது கேளாமை ஆகியவையும் அடங்கும்.

"வயசாகுது" என்பதைக் கடைசிக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை முதல் காரணமாக வைத்தேன். அம்மாவுக்குப் பல மாதங்கள் வீணாயின.