பெட்டியில் எதை எடுத்துச் செல்வது?



கல்லூரியில் படிக்கும்போதே ஒரு பருவம், அதாவது நான்கைந்து மாதங்கள், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துவிட்டு, மீண்டும் தம் கல்லூரிக்கே திரும்பிவந்து பட்டம் பெறும் முறை ஒன்று உண்டு. அதற்கு மாணவர் பரிமாற்றத் திட்டம் என்று பெயர். நம்மவர் ஒருவர் அங்கே போவார். அங்குள்ளவர் ஒருவர் இங்கே வருவார். இரு கல்லூரிகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால், பெரும்பாலும் அங்கே தனியாகப் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

செம்மேட்டிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பள்ளி மாணவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "நாமக்கல்லுக்குப் போய்ப் படிப்பதே பெரும்பாடு, இதில் ஐரோப்பாவா?" என்பது அந்தச் சிரிப்பின் பொருள். மிளகும் மரவள்ளியும் விற்று வரும் வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகளில் அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் அது சரியன்று என்பதே என் கருத்து. தடை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டுகொள்ளாததால் வரும் சிரிப்பு அது.

கற்பதற்காகக் கடல் கடப்பது புதிய பழக்கமன்று. கி.பி. 671-இல் சீனத் துறவி இட்சிங் நாளந்தாவில் படிக்கக் கப்பல் ஏறினார். நேரே அவர் இந்தியாவுக்கு வரவில்லை. சுமாத்திராத் தீவில், பின்னாளில் இராசேந்திர சோழன் படையெடுத்த அதே ஸ்ரீவிஜயத்தில், ஏறத்தாழ ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். அதன் பிறகே பயணத்தைத் தொடர்ந்தார். தமக்குப் பின் வருபவர்களும் ஓரிரு ஆண்டுகள் அங்கே தங்கிப் பயின்றுவிட்டுப் போவது நல்லது என்று எழுதியும் வைத்தார். அயல்நாட்டுப் படிப்புக்கு ஆயத்தம் செய்வது பற்றி இதைவிடப் பழைய அறிவுரை ஒன்று இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்!

இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இன்னொரு பயணமே அதிகம் பிடிக்கும். 1928-இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவரைத் தேடிச் சென்று பார்த்தார். அந்த மாணவர் படித்துவைத்திருந்த அணு இயற்பியல் அதற்குள் பழையதாகிவிட்டது என்று சொன்ன சாமர்ஃபெல்டு, உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியை அவரிடம் கொடுத்தார். மாணவரின் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1930 ஜூலை இறுதியில், அரசு உதவித்தொகையுடன் அவர் பம்பாயில் கப்பல் ஏறினார். வயது பத்தொன்பது. அடர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீன்களின் உள்ளே எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அவரிடம் இருந்தது. கப்பலிலேயே கணக்குப் போட்டார். அத்தகைய விண்மீன் ஒன்றின் நிறை ஓர் எல்லையைத் தாண்ட முடியாது என்பது தெரியவந்தது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என இன்று நாம் கூறும் 'சந்திரசேகர் எல்லை' அதுதான். 1983-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பலரும் கவனிக்காத ஒரு செய்தியும் இதில் உண்டு. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராகப் பதிவு செய்துகொண்டே, 1931 கோடையில் கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னின் நிறுவனத்திலும், பிறகு கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்திலும் அவர் பணியாற்றினார். 1933-இல் பட்டம் வாங்கியதோ கேம்பிரிட்ஜில். இன்றைய பரிமாற்றத் திட்டத்தின் சாயல் இதில் தெரிகிறதல்லவா?

ஐரோப்பாவில் இது ஒழுங்கான திட்டமாக வளர்ந்தது 1987-இல். எராஸ்மஸ் என்ற அத்திட்டத்தில் முதல் ஆண்டு 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் பங்கு பெற்றனர். இன்று அதன் ஒரு பிரிவின் வழியாக ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களும் உதவித்தொகையுடன் ஒரு பருவம் படிக்க முடிகிறது. ஆனால் இரு கல்லூரிகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கவேண்டும்.

இனி ஆயத்தம் பற்றி. கம்பளிச் சட்டை, ஊறுகாய், விமானச் சீட்டு என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது பாடத்திட்டம். நம் கல்லூரியில் ஐந்தாம் பருவத்தில் வெப்ப இயக்கவியலும் மின்னணுவியலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே அதே பருவத்தில் வேறு பாடங்கள் நடக்கலாம். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று மாணவர், நம் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் புறப்படும் முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாய்ச்சொல் உதவாது. இல்லையேல், ஊரெல்லாம் மாலை போட்டு வழியனுப்பி வைத்த மாணவர், திரும்பிவந்து ஐந்து 'அரியர்' எழுத உட்கார நேரிடும்! ஐரோப்பாவில் ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். நம் நாட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுதும் நடந்தால் ஒரு கிரெடிட். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். அடிக்கும் மீட்டருக்கும் உள்ளது போல ஒரு மாற்றுக் கணக்கு வேண்டும். நாட்காட்டியும் பொருந்தாது. ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. நமக்கோ அப்போது பருவத்தில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

பெயர் விஷயமும் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான். பாஸ்போர்ட்டிலோ பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், ஆதாரில் வேறொன்று, பாஸ்போர்ட்டில் மூன்றாவது என்றிருந்தால் அலைச்சல் நிச்சயம். இதைச் சரி செய்யும் வயது உங்கள் வயதுதான். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். உண்மையான தடை இங்கேதான் இருக்கிறது. படிப்புக் கட்டணம் இல்லாவிட்டாலும் தங்கவும் உண்ணவும் வேண்டுமே! மாதம் 992 யூரோவுக்கு வழி இருப்பதாக மாணவர் காட்டவேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஜெர்மனி நிர்ணயித்தது. ஐந்து மாதத்துக்கு நாலரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 20 பேருக்கு. ஆனால் அது முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. ஒரு பருவம் மட்டும் போய்வரும் இளங்கலை மாணவர் அதில் வரமாட்டார். 2024-இல் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் 25 கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஒரு வாரம் பயிற்சி பெற்றனர். நல்ல தொடக்கம். ஆனால் ஒரு வாரத்தில் ஊரைப் பார்க்கலாம்; ஒரு பாடத்தை முழுதாகக் கற்க முடியாது. அந்த 25 பேரில் ஐவரையாவது ஒரு பருவம் முழுதும் தங்கவைக்கலாம். அவர்களுள் மலைப் பகுதி மாணவர்களுக்கென்று இடம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. பட்டப்படிப்பின் ஒரு பகுதியை, அதிகபட்சம் 30 விழுக்காடு, அயல்நாட்டில் முடிக்கும் ஏற்பாட்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் விதிகள் வகுத்தது. தர மதிப்பீட்டில் 4-க்கு 3.01 புள்ளி பெற்றவை, தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுக்குள் வந்தவை போன்றவை தாமே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மற்றவை அனுமதி கேட்கவேண்டும். தரம் காக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் அடிவாரச் சிற்றூர்க் கல்லூரியில் சேரும் மாணவருக்கு, அவருடைய தகுதி எதுவானாலும், வாசற்கதவு பாதி சாத்தியே இருக்கிறது. பல்கலைக்கழகமே தன்னுடன் இணைந்த எல்லாக் கல்லூரிகளின் சார்பிலும் ஒப்பந்தம் செய்தால் இக்குறை நீங்கும். நீங்களும் கல்லூரியில் சேரும்போது விடுதி எப்படி, பேருந்து உண்டா என்று கேட்பதோடு, "பரிமாற்ற ஒப்பந்தம் உண்டா?" என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கல்லூரிக்கும் உறைக்கும்.

பரிமாற்றம் என்றால் இருபுறமும் கொடுக்கல் வாங்கல் இருக்கவேண்டும் அல்லவா? "எங்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது?" என்று செம்மேட்டு மாணவர் கேட்கலாம். சாமை, தினை போன்ற சிறுதானியங்களின் நாட்டு வகைகளை இம்மலை விவசாயிகள் காத்து வந்திருக்கிறார்கள். அவற்றைத் தேடி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொண்ணூறுகள் முதல் இங்கே வந்து பணியாற்றினர். உங்கள் பாட்டி விதையை எப்படி வைத்திருக்கிறார் என்பது வெளியூர் மாணவருக்குப் பாடம்.

என் துறையிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். காரவள்ளியில் பேருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே பயணத்தில் நீங்கள் 1000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கு வந்துவிடுகிறீர்கள். காது அடைத்துத் திறக்கிறது. ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்தில் மிக உயர்ந்த குன்றே 322 மீட்டர்தான். அந்நாட்டு மாணவர் புத்தகத்தில் மட்டும் படிக்கும் ஒன்றை உங்கள் அடுப்படியில் அளந்து பார்க்கலாம்: உயரம் கூடக் கூட நீரின் கொதிநிலை குறைகிறது, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. காரவள்ளியில் ஒரு முறை, செம்மேட்டில் ஒரு முறை, பள்ளி ஆய்வக வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு தெரியவேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே வெப்பமானியையே பயன்படுத்துங்கள். ஆய்வக வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி மாறுபடுவது சாதாரணம். வெப்பமானி பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். ஒரே ஊரில்கூட வளிமண்டல அழுத்தம் நாளுக்கு நாள் சற்று மாறும்.