எவ்வளவு காலமாக?



உறங்கி விழித்த கைக்குழந்தையின் தலை சட்டெனக் கவிழ்கிறது. இரு கைகளும் மேலெழுகின்றன. சில நொடிகளில் மீண்டும் அவ்வாறே, அடுத்தடுத்துப் பலமுறை. கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இதனை ‘உரம் விழுந்தது’ என்று கருதிச் சேலையிலிட்டு உருட்டுவோர் உளர். பெரிய வலிப்பெனில் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பர். இரும்புக்கும் வலிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதையும் இடாதிருப்பதே முறை.

வில்லியம் வெஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவர், தம் மகனைப் பற்றிய இந்நோயை 1841-இல் ‘லான்செட்’ இதழுக்கு எழுதினார். மருத்துவராயிருந்தும் செய்வதறியாது நின்ற தந்தை அவர். இன்று பெரும்பாலான வலிப்புகள் மருந்துக்கு அடங்குகின்றன. தகுந்த இரு மருந்துகளை உரிய அளவில் தந்தும் அடங்காதனவே மருந்துக்கு இணங்காத வலிப்புகள். அதன்பின் மூன்றாவது, நான்காவது மருந்தென ஆண்டுகளைக் கடத்துவது குழந்தைக்கு இழைக்கும் தீங்கு என்பேன்.

மூளையின் ஒரு பகுதி பிறவியிலேயே பிழைபட அமைந்து வலிப்பு எழுமாயின், அப்பகுதியை அகற்ற இயலும். ஒரு பக்கம் முழுதும் கெட்டிருந்தால், அதனை இருந்த இடத்திலேயே விட்டு, மறுபாதியோடுள்ள இணைப்புகளைத் துண்டிப்பர். “பாதி மூளையா!” என்று தாய் அலறுவது இயல்பே. ஆயினும் மழலையின் மூளை இளகியது. பேச்சு முதலிய பணிகளை நல்ல பாதி ஏற்றுக்கொள்ள முடியும். வயது ஏறஏற அத்திறன் குறையும். எதிர்ப்பக்கக் கையில் வலுக்குறைவும் பார்வையில் ஒருபக்கக் குறையும் தங்கலாம். சிற்றுடலில் இரத்த இழப்பும் பேராபத்தே. இவற்றை மறைத்தல் தகாது. எல்லாக் குழந்தைக்கும் இச்சிகிச்சை பொருந்துவதுமில்லை. மூளை மின்னலைப் பதிவும் எம்.ஆர்.ஐ. படமும் கண்டே முடிவு செய்வர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இலேயே நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவைகள் நடைபெறுகின்றன. நமக்கு வேலூர் அண்மை. விழுப்புரம் வழியே இரயில் பாதையும் உண்டு.

மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், வலிப்புற்ற சிறுவனின் தகப்பனிடம் இது எவ்வளவு காலமாக என்று ஆண்டவரே வினவுகிறார். மருத்துவரும் அதையே கேட்பார். ஆதலின் வலிப்பு வந்த நாள், நேரம், தந்த மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து, கைப்பேசியில் படமும் பிடித்துக் கொண்டு செல்லுங்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடப்போர் குழந்தையின் மருந்தை வீட்டில் விட்டுச் செல்லற்க.