தேயிலைத் தூரில் காய்த்த தேங்காய்

தேங்காய் எங்கே காய்க்கும் என்று கேட்டால் தென்னையில் என்பார் உலகத்தார். மஸ்கெலியாப் பக்கத்து முதியவரிடம் கேட்டால், தேயிலைத் தூரில் என்று சொல்லிச் சிரிப்பார். தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னானாம். அதை நம்பி நம் முன்னோர் கடல் கடந்தனராம். மலையகத்தில் இக்கதையைக் கேளாது வளர்ந்தவர் அரிது.

சிரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேடைப் பேச்சாளரும் மலர்க் கட்டுரையாளரும் இதனை வரலாறாகவே எழுதி, "அப்பாவி மக்கள்" என்று உச்சுக்கொட்டுவதுதான் உறுத்துகிறது. பத்திரிகை மேசையில் இத்தகைய கட்டுரைகளை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன்.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867 இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நம்மவர் கோப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்தனர். கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்புவர். அடுத்த பருவத்தில் மீண்டும் வருவர். மலையின் குளிரும் அட்டையும் காய்ச்சலும் எத்தகையவை என்பது தமிழகக் கிராமங்களுக்குத் தெரிந்தே இருந்தது. போய்வந்தவரைப் பக்கத்துத் திண்ணையில் வைத்துக்கொண்டு, தூரில் தேங்காய் விளையும் என்று எவர் நம்பியிருப்பார்? அவர்களை விரட்டியது பஞ்சமும் கடனும். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம் ஒன்றே போதாதா?

இன்னொன்று. பஞ்சத்தில் அடிபட்டவனுக்கு ஆசை காட்ட வேண்டுமானால் கங்காணி சோற்றையல்லவா சொல்லியிருப்பான்! தேங்காயும் மாசியும் சேர்வது சம்பலில். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள லயத்து அம்மிக்குத் தேவைப்பட்டவை அவை. ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள மஸ்கெலியாவில் காய்க்கின்ற தென்னையைக் காண்பது அரிது. தேங்காய் குருநாகல், சிலாபம் பக்கமிருந்து வரவேண்டும். நல்ல மாசி மாலைதீவிலிருந்து வரவேண்டும். மலையில் கிடைக்காத இரண்டையும் பொறுக்கி எடுத்துத் தேயிலைத் தூரில் புதைத்தவன் கங்காணியாக இருக்க முடியாது. வெறும் ரொட்டியைக் கையில் வைத்திருந்த தொழிலாளியே அவன் என்பது என் துணிபு. ஏமாந்தவனின் வாக்குமூலமாக இதனை நான் கொள்ளேன். ஏய்த்தவனைப் பார்த்து அடித்த கேலி இது.

கங்காணியை நல்லவனாக்குவதாக எவரும் எண்ண வேண்டாம். அவன் காட்டிய ஆசை தேங்காயைவிடச் சாமர்த்தியமானது: கையில் முன்பணம், தலையில் கடன். கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்னும் துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துப் படியேற முடியாது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த முறையை ஒழித்தது. அப்பாவித்தனத்தைப் பற்றி எழுதுவோர் இந்தத் துண்டைப் பற்றி ஒரு வரியேனும் எழுதலாம்.

தூரில் புதைக்கும் வேலை மட்டும் நின்றபாடில்லை. 2015 இல் வந்த அரசு ஏழு பேர்ச் காணி என்றது. உறுதிப்பத்திரம் இல்லாத லய அறைகளில் இன்னமும் பெருந்தொகையினர் வாழ்கின்றனர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அடுத்த சில மாதங்களில், 2025 இன் தொடக்கத்தில், தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டி விற்றது. நாள் முழுதும் கொழுந்து பறித்தவளின் அடிப்படைச் சம்பளம் அன்று ஏழு தேங்காய்க்குக்கூடப் போதவில்லை. மாசியின் விலையை நான் கேட்கவே இல்லை.